விதியில் இல்லாத சுவர்

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 31, திங்கட்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். தொழிற்சாலை கேண்டீனில் பசியாறிக்கொண்டிருந்தோம். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பா மேசை நடுவில் திறந்து கிடந்தது. மெயிண்டனன்ஸ் பிரிவில் வேலை செய்யும் நண்பன் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“டேய், இந்த ஆளு செஞ்ச வேலையப் பாரு.”

பத்து விநாடிகூட வராத காணொளி. ஒரு சிறிய ஓட்டப்பாதையின் கடைசி வளைவு. பத்துப் பதினைந்து கார்கள் பிரேக் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வளைவின் உள்பக்கம் ஒட்டித் திரும்புகின்றன. ஒரே ஒரு கார் மட்டும் பிரேக் போடவில்லை. நேராகப் போய் வெளிச்சுவரில் தன் வலது பக்கத்தைச் சாய்த்து, சுவரைத் தேய்த்துக்கொண்டே வளைவு முழுவதையும் கடக்கிறது. மற்ற கார்கள் நின்றுகொண்டிருப்பதுபோலத் தெரிகின்றன. கோட்டைத் தொடும்போது அது ஐந்து கார்களை முந்தியிருக்கிறது.

நான் மூன்று தடவை பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது.

“இது சட்டப்படி சரியா?” என்றேன்.

“சொவத்துல சாயக்கூடாதுன்னு ரூல் புக்ல எங்கயும் எழுதலையாம்டா.”

“எழுதலன்னா செய்யலாம்.”

சட்டென்று வாயில் வந்துவிட்டது. மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், அந்த வாக்கியத்தை நான் அன்றுதான் முதல்முறை சொல்கிறேன் என்று சொல்ல முடியாது. மூன்று மாதங்களுக்கு முன் வேறொரு விஷயத்துக்காக அதே வாக்கியத்தை எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது.

*

நம் ஊரில் கார் பந்தயம் என்றால் செப்பாங்தான். 1999 முதல் 2017 வரை அங்கே ஃபார்முலா ஒன் நடந்தது. அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களும் ‘சும்மா வட்டமாச் சுத்துறானுங்க’ என்று சொல்லிவிட்டுச் சேனலை மாற்றியிருப்பார்கள். நானும் அப்படித்தான். அந்தக் காணொளிக்குப் பிறகுதான் முழுப் பந்தயத்தையும் தேடிப் பார்த்தேன்.

வெர்ஜீனியா மாநிலத்தில் ரிட்ஜ்வே என்ற சிற்றூரில் இருக்கிறது மார்ட்டின்ஸ்வில் ஸ்பீட்வே. 1947-இல் கட்டப்பட்டது. நாஸ்கார் என்ற அமைப்பே அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. முதல் பருவத்திலிருந்து இன்றுவரை நாஸ்காரின் உச்சத் தொடர் தொடர்ந்து ஓடிவரும் ஒரே களம் இது. ஒரு சுற்று 0.526 மைல், நம் கணக்கில் சுமார் 847 மீட்டர். மேலிருந்து பார்த்தால் காகிதங்களைச் செருகும் கிளிப் மாதிரி இருக்கும்: இரண்டு நீளமான நேர்கோடுகள், இரண்டு இறுக்கமான வளைவுகள். நேர்கோட்டில் தார், வளைவில் கான்கிரீட். வளைவின் சரிவு 12 டிகிரிதான். பெரிய ஓட்டப்பாதைகளில் 30 டிகிரிக்கு மேலும் உண்டு. ஆகவே இங்கே ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை ஓங்கி மிதித்தாக வேண்டும். 500 சுற்றுகள். அதாவது ஆயிரம் தடவை பிரேக். வென்றவருக்கு ஆளுயர மணிக்கூண்டு போன்ற ஒரு கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய 60 ஆண்டுகளாக அதுதான் அங்கே கோப்பை.

அக்டோபர் 30 நடந்த பந்தயம் அந்த ஆண்டின் கடைசிக்கு முந்தியது. அதன் முடிவில் நான்கு ஓட்டுநர்கள் மட்டும் இறுதிப் பந்தயத்துக்குப் போவார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது நான்காவது இடத்துக்குத் தேவையான புள்ளிகள் டென்னி ஹேம்லினிடம் இருந்தன. ராஸ் சாஸ்டெயின் பத்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேரையாவது முந்த வேண்டும். அரைச் சுற்றுதான் மிச்சம். வழக்கமான முறையில் முடியவே முடியாது.

சாஸ்டெயின் ஃபுளோரிடாவில் பரம்பரையாகத் தர்ப்பூசணி பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். பந்தயத்தில் வென்றால் காரின் மேல் ஏறி ஒரு தர்ப்பூசணியைத் தரையில் போட்டு உடைப்பார். சிறுவயதில் தம்பியோடு ‘நாஸ்கார் 2005’ என்ற வீடியோ கேம் விளையாடியபோது சுவரில் சாய்த்துக்கொண்டு போனால் வேகம் குறையாது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். அது அந்தக் கடைசி அரைச் சுற்றில் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தாவது கியருக்கு மாற்றினார். ஆக்சிலரேட்டரை விடவில்லை. ஸ்டீயரிங்கைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். நான்காவது வளைவில் சுவரிலுள்ள கதவில் கார் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதுதான் தன் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

அந்தச் சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 18.845 விநாடிகள். அந்தப் பாதையில் ஸ்டாக் கார் ஒன்று ஓடிய மிக வேகமான சுற்று அது. 2014-இல் தகுதிச் சுற்றில் ஜோயி லொகானோ வைத்திருந்த 18.898 விநாடிச் சாதனையையும் அது தாண்டியது. புத்தம்புது டயரோடு, யாரும் குறுக்கே வராத பாதையில், அதற்கென்றே தயார் செய்த காரில் எடுத்த நேரத்தை, 500-வது சுற்றில் நசுங்கிப்போன காரில் ஒருவர் முறியடித்திருக்கிறார். கோட்டுக்குச் சற்று முன் அவர் முந்திய கடைசிக் கார் ஹேம்லினுடையது.

*

பொறியாளன் என்பதால் இது எப்படி நடந்தது என்பதில்தான் முதலில் மனம் போனது.

வளைவில் திரும்பும் காரை உள்பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும். சாதாரணமாக அதைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. உராய்வு அவ்வளவு தராது, அதற்கொரு எல்லை உண்டு. அதனால்தான் எல்லோரும் பிரேக் போடுகிறார்கள். சாஸ்டெயின் செய்தது அந்த விசையை டயரிடம் கேட்காமல் சுவரிடம் கேட்டது. சுவர் தள்ளுவதற்கு அந்த மாதிரி எல்லை இல்லை. கார் சிதையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சுவருக்கு ஒரு கதை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று மூன்று ஓட்டுநர்கள் கான்கிரீட் சுவரில் மோதி இறந்தார்கள். 2001 பிப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில், அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான டேல் எர்ன்ஹார்ட் அதேபோல இறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஆய்வில் இருந்த புதுவகைத் தடுப்பு 2002-இல் இண்டியானாபொலிஸ் ஓட்டப்பாதையில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. எஃகுக் குழாய்களை அடுக்கி, அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நுரைத் திண்டுகளை வைத்த சுவர். மோதினால் கொஞ்சம் உள்வாங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். பிறகு அது மற்ற ஓட்டப்பாதைகளுக்கும் பரவியது.

அதாவது, நான்கு பேர் செத்த பிறகு, இனி யாரும் சாகக் கூடாது என்று அமைத்த சுவர். அது வழுவழுப்பாக இருப்பதும் வளைந்து கொடுப்பதும் ஓட்டுநரின் உயிருக்காக. அந்த நல்ல குணத்தைத்தான் சாஸ்டெயின் இரண்டு புள்ளிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார். இதை யோசித்தபோதுதான் காணொளி முதல்முறையாக உறுத்தத் தொடங்கியது.

*

‘விதியில் இல்லை’ என்ற வாதம் அந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. கள்ளச்சாராயத்தை ஏற்றிக்கொண்டு போலீஸை ஏமாற்றி ஓடியவர்களின் கார்களும் கைத்திறனும் கலந்து வளர்ந்த விளையாட்டு அது. 1949 ஜூனில் சார்லட்டில் நடந்த முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் முதலாவதாக வந்த கிளென் டனவேயின் வெற்றியே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சாராயம் கடத்துகிறவர்கள் செய்வதுபோலக் காரின் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். காரின் உரிமையாளர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது.

ஸ்மோக்கி யூனிக் என்ற மெக்கானிக்கைப் பற்றிய கதை இன்னும் பிரபலம். பெட்ரோல் தொட்டி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. தொட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் குழாயை இரண்டு அங்குலத் தடிமனில், 11 அடி நீளத்துக்குச் சுருட்டிப் போட்டார். கூடுதலாகச் சில கேலன் பெட்ரோல் அதில் நின்றது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவரைத் திருடன் என்று சொல்வதில்லை. மேதை என்கிறார்கள்.

உண்மையில், பொறியாளர்களாகிய எங்களுக்கு இந்த வகை ஆட்களைப் பிடிக்கும். ஸ்கூடாயில் படித்தபோது எங்கள் மாணவர் குழுவில் போட்டி விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன்தான் பெரிய ஆள். ஏன் படிக்கிறான்? கட்டுப்படுவதற்கு இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க. அதைத் திறமை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

*

நான் வேலை செய்யும் இடத்தில் வாகனங்களுக்கான வயர் இணைப்புகள் செய்கிறோம். வயரின் முனையில் ஒரு சிறிய உலோகக் கொக்கியை வைத்து இயந்திரம் இறுக்கிவிடும். இதை கிரிம்ப் என்போம். சரியாக இறுகியதா என்று பார்க்க இழுவைச் சோதனை உண்டு. கொக்கியை ஒரு பக்கம் மாட்டி வயரை இழுப்போம். எத்தனை நியூட்டனில் கழன்று வருகிறது என்று திரையில் எண் வரும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது.

2022 ஆகஸ்டில் ஒரு புதிய வாடிக்கையாளருக்காக இரண்டு லைன்களில் சோதனை ஓட்டம் நடந்தது. ஒன்று என் பொறுப்பு. இன்னொன்று ஓர் அக்காவின் பொறுப்பு. அவர் டெக்னீஷியனாகச் சேர்ந்து 17 ஆண்டு வேலை செய்து லைன் லீடர் ஆனவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிரிம்ப் செய்த முனையை விரல் நுனியால் தடவிப் பார்த்தே கோளாறைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

செயல்முறைக் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஐந்து மாதிரிகளை எடுத்து இழுவைச் சோதனை செய்யவும்.

எந்த ஐந்து என்று எழுதவில்லை.

இயந்திரத்தை அப்போதுதான் சரிசெய்திருந்தால் முதலில் வரும் வயர்கள் நன்றாக இருக்கும். போகப் போக இறுக்கம் கொஞ்சம் மாறும். இது லைனில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். நான் மூன்று லாட்டுகளிலும் இயந்திரத்தைச் சரிசெய்தவுடன் வந்த வயர்களிலிருந்து, அக்கா கற்றுக்கொடுத்தபடி விரலால் தடவி, நல்ல ஐந்து ஐந்தாக எடுத்தேன். பதினைந்தும் அழகாகத் தேறின. அக்கா ஒவ்வொரு லாட்டிலும் தொடக்கம், நடு, கடைசி என்று கலந்து எடுத்தார். அவருடைய மாதிரிகளில் ஒன்று அளவுக்குச் சற்றுக் கீழே வந்தது. காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் தாமதம். ஆர்டர் என் லைனுக்கு வந்தது.

அக்காவின் லைனில் அதற்குப் பிறகு பல மாதங்கள் ஓ.டி. இல்லை. அடிப்படைச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு ஓ.டி. பணத்தில் சாப்பிடுகிற நேப்பாளத்துப் பையன்கள் அந்த லைனில் இருந்தார்கள். எனக்கு அந்த ஆண்டு போனஸ் நன்றாக வந்தது.

நான் எந்த எண்ணையும் மாற்றவில்லை. எந்தப் படிவத்திலும் பொய் எழுதவில்லை. விதி சொன்னபடி ஐந்து எடுத்தேன். எழுதலன்னா செய்யலாம்.

*

சாஸ்டெயின் செய்தது சரியா என்று அந்த வாரம் நாஸ்கார் உலகமே பேசியது. அமைப்பு அவரைத் தண்டிக்கவில்லை, முடிவு நின்றது. லொகானோ அதை ரசித்தார், ஆனால் இனி நடக்காமலிருக்க ஒரு விதி வேண்டும் என்றார். எல்லோரும் கடைசிச் சுற்றில் சுவரில் ஏறினால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. கைல் லார்சன் இது விளையாட்டுக்கே வெட்கக்கேடு என்றார். அவரே முந்திய ஆண்டு டார்லிங்டனில் கடைசிச் சுற்றில் ஹேம்லினை முந்தச் சுவரோடு உரசிப் பார்த்துத் தோற்றவர். தான் செய்ததற்கும் சேர்த்தே வெட்கப்பட்டார். அதனால் அவர் பேச்சுக்கு என்னிடம் மதிப்பு அதிகம்.

லொகானோவின் கேள்வி தத்துவம் படித்தவர்களுக்குப் பழக்கமானது. நீ செய்வதை எல்லோரும் செய்தால் அந்தச் செயல் நிற்குமா என்று கான்ட் கேட்டார். எல்லோரும் சுவரில் சாய்ந்தால் சுவரில் இடமில்லை, முந்துவதும் இல்லை. மற்ற எல்லோரும் பிரேக் போடுவதால்தான் ஒருவர் பிரேக் போடாமல் ஜெயிக்க முடிகிறது. என் பதினைந்து வயர்களும் அப்படித்தான். மற்றவர்கள் நேர்மையாக மாதிரி எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் என் அறிக்கையை வாடிக்கையாளர் நம்பினார். எல்லாரும் என்னைப்போல எடுத்தால் அந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை, எனக்கும் லாபமில்லை.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-இல் ‘வெட்டுக்கிளி’ என்ற பெயரில் விளையாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கருத்தின் சாரத்தை என் மொழியில் சொன்னால், விளையாட்டு என்பது தேவையில்லாத தடைகளை நாமாகவே ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வது. குழியில் பந்தைப் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். கோல்ஃப் மட்டையால் அடிப்பது, அந்தத் தடை வேண்டும் என்பதற்காக. இப்படிப் பார்த்தால் மார்ட்டின்ஸ்வில்லின் தடை அந்த வளைவு. வளைவில் எவ்வளவு வேகத்தை விட வேண்டும், எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே ஆட்டமே. சாஸ்டெயின் அந்தத் தடையைத் தாண்டவில்லை. இல்லாமல் ஆக்கிவிட்டார்.

ஆனாலும் ஏன் நாம் கைதட்டினோம்? ஏன் எனக்கு இன்றும் அந்தக் காணொளியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது?

இதை நான் நிறைய யோசித்தேன். மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, அவர் எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் செய்தார். ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டு, விலையை முதலில் வைத்தது தன் உடலில். கதவு ஒன்று மாட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா தெரியாது. மூன்று, அதை இரண்டாம் முறை செய்ய முடியாது என்பது செய்யும்போதே தெரிந்திருந்தது. இந்த மூன்றும் அவர் செய்ததைச் சரியாக்கிவிடாது. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களிடமும், முன்னால் ஓடிய ஐந்து பேரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை. யாருக்கும் அடிபடவில்லை என்பது அவர் யோசித்து வைத்ததல்ல, நடந்துபோனது. ஆனால் இந்த மூன்றையும் என் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. நான் மறைவில் செய்தேன். விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். யாரும் பார்க்காதிருந்தால் இன்னும் பத்து முறை செய்திருப்பேன்.

ஹேம்லின் அன்று சாஸ்டெயினின் செயலைப் பாராட்டினார். வேறு வழியில்லாதவனுக்கு அப்படிச் செய்வது சுலபம் என்றும் சேர்த்துச் சொன்னார். தோற்ற மனிதர், அதே இடத்தில், அதே மாலையில், மைக்கின் முன் நின்று தன் பக்கத்தைச் சொல்ல முடிந்தது.

இடைநிலைப்பள்ளியில் எங்களுக்கு ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா, தவறா. நான் ‘சரி’ அணி. என்ன பேசினேன் என்று ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் எதிரணியில் பேசிய பெண் சொன்ன ஒன்று இருக்கிறது: கம்பன் வாலியை உடனே சாகவிடவில்லை, அம்பு தைத்த பிறகும் அவனைக் கேள்வி கேட்கவிட்டான், அதனால்தான் நாம் இன்றுவரை இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள். அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது படுகிறது. அம்பு எங்கிருந்து வந்தது என்றாவது வாலிக்குத் தெரிந்தது. ஹேம்லினுக்கும் தெரிந்தது. அக்காவுக்கு அம்பு விட்டது யார் என்றே தெரியாது. மாதிரி எடுப்பதில் தன் லைனுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டு அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

*

2023 ஜனவரி கடைசியில் நாஸ்கார் தன் முடிவை அறிவித்தது. இனி சுவரில் சாய்ந்து ஓடினால் நேரத் தண்டனை. ஆனால், இதற்காக அவர்கள் புது விதி எழுதவில்லை. விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே 10.5.2.6.A என்று ஒரு பிரிவு இருந்தது. பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் செயலைத் தண்டிக்க அது இடம் தந்தது. அதே பிரிவைத்தான் இனி இதற்கும் பயன்படுத்துவோம் என்றார்கள்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக எல்லோரும் ‘விதியில் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். விதி அங்கேயேதான் இருந்திருக்கிறது. சுவர் என்ற சொல் அதில் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் எங்கள் இழுவைச் சோதனையின் செயல்முறைக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். நூறு தடவை திறந்த ஆவணம். எப்போதும் நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுவேன். அன்றுதான் முதல் பக்கத்தைப் படித்தேன். ‘நோக்கம்’ என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: முழு லாட்டின் தரத்தை அறிவதற்காக.

முழு லாட்டின் தரம். நான் எடுத்த ஐந்து எதைச் சொல்லின? நன்றாக இருக்கும் ஐந்து வயர்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லின.

‘எழுதலன்னா செய்யலாம்’ என்ற வாக்கியத்தில் இருக்கும் பொய் இதுதான் என்று எனக்குப் படுகிறது. விதிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்காக எழுதப்படுகின்றன. அந்த ‘எதற்காக’ என்பதும் விதியில் அடக்கம்தான். அதைத் தெரிந்துகொண்டேதான் நாம் ஓட்டையைத் தேடுகிறோம். நோக்கம் தெரியாதவனால் ஓட்டையைக் கண்டுபிடிக்கவே முடியாது. இயந்திரத்தைச் சரிசெய்தவுடன் வரும் வயர்கள் நல்லவை, மற்றவை சந்தேகம் என்று தெரிந்ததால்தான் நான் அவற்றை எடுத்தேன். சோதனை எதைக் கண்டுபிடிக்க இருக்கிறதோ, அதைக் கண்டுபிடிக்காமல் இருக்கும்படி எடுத்தேன்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் தள்ளிவிடவில்லை. எல்லாவற்றையும் ‘நோக்கம்’ என்று சொன்னால், அதிகாரத்தில் இருப்பவர் தனக்குப் பிடிக்காததையெல்லாம் நோக்கத்துக்கு எதிரானது என்று சொல்லிவிடலாம். எழுதப்பட்ட விதி எளியவனுக்குப் பாதுகாப்பு. எழுதாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிப்பது நியாயமில்லை. அதனால் 2022-இல் சாஸ்டெயினைத் தண்டிக்காமல் விட்டதும், 2023-இல் இனி தண்டிப்போம் என்று அறிவித்ததும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மற்றவர் நம்மைத் தண்டிக்கலாமா என்பது ஒரு கேள்வி. நாம் செய்தது சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்துவந்து இரண்டாவதற்குப் போட்டுக்கொள்வதுதான் நம் எல்லோருடைய பழக்கமும்.

*

2024 நவம்பர் 3. அதே மார்ட்டின்ஸ்வில், அதே கடைசிக்கு முந்திய பந்தயம். இறுதிக்குப் போகும் கடைசி இடத்துக்கு வில்லியம் பைரனும் கிறிஸ்டோபர் பெல்லும் மோதினார்கள். பைரனுக்குப் பின்னால் அதே செவர்லே நிறுவனத்தின் கார்களை ஓட்டிய ஆஸ்டின் டில்லனும் சாஸ்டெயினும் அவரை முந்தாமல், பின்னால் வருகிறவர்களுக்கும் வழிவிடாமல் காவல்போல ஓடினார்கள். இன்னொரு பக்கம், டொயோட்டா ஓட்டிய பப்பா வாலஸ் டயரில் கோளாறு என்று வேகத்தைக் குறைத்து, டொயோட்டாக்காரரான பெல்லுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தார். கடைசி வளைவில் பெல்லின் கார் சுவரில் மோதி, அதை ஒட்டியே கோட்டைத் தொட்டது. தான் வேண்டுமென்று செய்யவில்லை, வழுக்கிவிட்டது என்றார் பெல். அதிகாரிகள் ஏற்கவில்லை. சுவரில் ஓடியதற்கான தண்டனை விழுந்தது. பைரன் இறுதிக்குப் போனார். இரண்டு நாள் கழித்து டில்லன், சாஸ்டெயின், வாலஸ் மூவருக்கும் அவர்களுடைய அணிகளுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். தலா 50 புள்ளிகள் போயின.

இந்த பெல்தான் 2022-இல் சாஸ்டெயின் சுவரில் ஏறிய அந்தப் பந்தயத்தை முறையாக ஓட்டி ஜெயித்தவர். அன்று இன்னொருவர் செய்ததால் வந்த தண்டனை, இரண்டு ஆண்டு கழித்து அவர் தலையில் விழுந்தது. சாஸ்டெயினோ இந்த முறை சுவர் பக்கமே போகவில்லை. முந்தக்கூடிய காரை முந்தாமல் ஓடினார், அவ்வளவுதான். 2022-இல் உடம்பைப் பணயம் வைத்து முழு மூச்சில் ஓடியவர், 2024-இல் முழு மூச்சில் ஓடாததற்காகத் தண்டிக்கப்பட்டார். முதல் சாஸ்டெயினைப் பார்த்து நான் சிரித்தேன். இரண்டாவது சாஸ்டெயினில் என்னைப் பார்த்தேன்.

அந்த வார இறுதியில் அக்கா வீட்டில் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு. அவர் ஓராண்டுக்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பழைய லைன் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் போன பிறகு, அவர் பாத்திரங்களை எடுத்துவைக்கும்போது நான் உதவிக்கு நின்றேன். அங்கேயே சொன்னேன். ஆகஸ்ட், மூன்று லாட், எந்த ஐந்து, எல்லாம்.

அவர் கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுதாலும் அழுவார் என்று நினைத்தேன்.

“நீ எடுத்த அஞ்சும் நல்லாத்தான் தம்பி இருந்திருக்கும். கை பார்த்து எடுக்க நான்தானே சொல்லிக்குடுத்தேன்.” குழாயை மூடினார். “மத்ததெல்லாம் யாரு காடில போயி உக்காந்துச்சு?”

என்னிடம் பதில் இல்லை. இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை என்றேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல முறுக்கைக் கட்டிக் கொடுத்தார். இந்த முறை கொஞ்சம் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2023 பிப்ரவரியிலேயே அந்தச் செயல்முறைக் குறிப்பைத் திருத்த நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். இப்போது அதில் ‘லாட்டின் தொடக்கம், நடு, கடைசிப் பகுதிகளிலிருந்து, தேர்ந்தெடுக்காமல், ஐந்து மாதிரிகள்’ என்று இருக்கிறது. அக்கா எப்போதும் செய்துவந்ததைத்தான் எழுதினேன். படிவத்தில் ‘திருத்தத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘கூடுதல் தெளிவுக்காக’ என்று எழுதியிருக்கிறேன்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொன்னதும், இங்கே எழுதுவதும் அந்தக் கட்டத்தில் எழுதியதற்குச் சமமாகாது என்றும் தெரியும். அடுத்த திருத்தம் வருகிற மாதம் வருகிறது.